துரு குடித்த காற்று

— எங்கடா, சத்தத்தையே காணோம்? பேச்சை நிறுத்தாதேன்னு எத்தன தடவ சொல்றது?

— எச்சில் முழுங்கினேன்க்கா. அதுக்கும் உங்கிட்ட பர்மிஷன் வாங்கணுமா?

— வாங்கணும். இந்தக் கப்பல் தொட்டிக்குள்ள இருக்கிறது நீ, வெளிய காவலுக்கு உக்காந்திருக்கிறது நான். உன் வாய் ஆடினாத்தான் உன் மூச்சும் ஆடுதுன்னு எனக்குத் தெரியும். வாய் நின்னுச்சுன்னா உன் இடுப்புல கட்டின கயிறைப் பிடிச்சு இழுத்துடுவேன், ஆமா.

— பொறந்ததுலேருந்து வாயை மூடு, வாயை மூடுன்னே வளர்த்த. இன்னைக்குக் காலம் எப்படி மாறிப்போச்சு பாரு.

— வெட்டிப்பேச்சு பேசாம நம்பரைச் சொல்லுடா.

— பேசுங்கிற, வெட்டிப்பேச்சு வேணாங்கிற. சரி, இடது பக்கம், கப்பலோட மூணாவது இரும்பு விலா. தகடு ஆறு மில்லி.

— இடது பக்கம், மூணாவது விலா, ஆறு. ஆறா? அங்க பத்து இருக்கணும்டா. மீட்டரை நல்லா அழுத்தி வையி.

— அழுத்தினா தகடு தடிக்குமா? கட்டினப்ப பத்து. துரு தின்னது போக மிச்சம் ஆறு. மிச்சம்னு ஒண்ணு இருக்கேன்னு சந்தோஷப்படு.

— அடுத்தது.

— நாலாவது விலாவுக்கு நகர்றேன். ஆண்டவா, இதுக்குள்ள நண்டுதான் நடக்க முடியும். கணுக்கால் வரைக்கும் சேறு, நிமிர்ந்தா மண்டை இடிக்குது. கோஸ்ட் கார்டுக்காரன் வெளியில மட்டும் வெள்ளை வெள்ளையா அடிச்சிருக்கான். உள்ள எட்டிக்கூடப் பாத்திருக்க மாட்டான்.

— ஓடிக்கிட்டு இருந்த காலத்துல அதுக்கு நேரம் ஏது? புயல்னா மத்த கப்பலெல்லாம் துறைமுகத்துக்குள்ள ஓடி வரும். இது ஒண்ணுதான் அந்த நேரம் பாத்து ஆளைக் காப்பாத்த வெளிய போகும்...

— டூரிஸ்ட்டுக்குச் சொல்ற அதே ராகத்துல எனக்கும் பாடாதக்கா. அடுத்து, 'இதோ இந்த நாற்காலியில்தான் கேப்டன் உட்காருவார்'ம்ப.

— கிண்டல் பண்ணு, பண்ணு. பள்ளிக்கூடப் பசங்க வந்து அந்தச் சக்கரத்தைப் பிடிச்சுத் திருப்பிப் பாக்குறப்ப அதுங்க மூஞ்சியை நீ பாத்ததில்ல. அதுக்குத்தான்டா இந்தக் கப்பலைக் கட்டிக்கிட்டு அழறேன். நாளைக்கு உன் ரிப்போர்ட் துறைமுக ஆபீஸுக்குப் போகணும். நீ இருக்கிற இந்த முன்தொட்டி தாங்கும்னா கப்பல் மியூசியமா இங்கயே நிக்கும். தாங்காதுன்னா இழுத்துட்டுப்போய் உடைக்கிற யார்டுல விட்டுடுவாங்க.

— தெரியும். அதான் ஊர்ல இத்தன பேர் இருக்க, கூடப்பொறந்தவனைத் தேடிப்பிடிச்சு உள்ள இறக்கினியா?

— மத்தவனுங்க இந்தத் தொட்டின்னதும் வர மாட்டேன்னுட்டாங்கடா. ஒருத்தன் இடுப்பு வலின்னான். ஒருத்தன் பொண்டாட்டி விட மாட்டேங்கிறான்னான்.

— ரெண்டு பேரும் நல்லா இருப்பாங்க. நாலாவது விலா, அஞ்சு.

— நாலாவது விலா, அஞ்சு. அடக் கடவுளே. காத்து மீட்டர் என்ன சொல்லுது?

— நெஞ்சு மேல சமத்தா தொங்குது. பச்சை விளக்குதான் எரியுது. டெக்குல ஃபேன் ஓடுறவரைக்கும் எனக்குக் கவலையில்ல. ஜன்னலை அடைச்சுக்கிட்டு வர்ற அந்தக் காத்துக் குழாயை மட்டும் யாரும் மிதிக்காம பாத்துக்கோ.

— மிதிக்க இங்க யாரு இருக்கா? கயிறு போட்டு வைக்கிற ரூமு. நானும் நாலு பெயிண்ட் டப்பாவும். உக்கார ஒரு கயிறுச் சுருள், காலுக்குக் கீழ நீ இறங்கின ஓட்டை. ராணி மாதிரி இருக்கேன்.

— உனக்கு ஒரு காத்து மீட்டர் கிடையாதா?

— ரெண்டாவது ரிப்பேருக்குப் போயிருக்கு. ஒண்ணே ஒண்ணு இருந்தா அது உள்ள போறவன் கழுத்துக்குத்தான். வெளிய இருக்கிறவளுக்கு எதுக்கு? பாதுகாப்பு கிளாஸ்ல அப்படித்தான் சொன்னாங்க.

— ஆரம்பிச்சிட்டியா உன் கிளாஸை!

— ஏன், ஒரு நாள் கிளாஸ்னா இளக்காரமா? ஒவ்வொரு வார்த்தையும் மனசுல இருக்கு. உள்ள இருக்கிறவன் கொட்டாவி விட்டா கவனி. சொன்னதைத் தப்பா சொன்னா கவனி. காரணமில்லாம சிரிச்சா யோசிக்காத, இழு. அவன் விழுந்தே போனாலும் நீ இறங்காத. காப்பாத்தப் போறவன்தான் ரெண்டாவது பொணம்.

— நல்ல பாடம். இந்த இருட்டுல இருக்கிறவனுக்குச் சொல்ற ஆறுதல் வார்த்தை.

— பயமா இருக்காடா?

— பயம்னு இல்ல. ஆனா இந்த மாதிரி தொட்டியை நான் நம்ப மாட்டேன். உனக்கு ஒண்ணு தெரியுமா? இரும்பு துருப்பிடிக்கணும்னா காத்து வேணும். மூடி வச்சுட்டா, உள்ள இருக்கிற காத்தைத் துரு கொஞ்சம் கொஞ்சமா குடிச்சிடும். குடிச்சு முடிச்சப்புறம் மிச்சம் இருக்கிறது காத்து மாதிரியேதான் இருக்கும், மூச்சும் இழுக்கலாம். உயிர்தான் இருக்காது அதுல. நாத்தம் அடிச்சா தப்பிச்சோம்க்கா, ஓடிடலாம். நாத்தமே இல்லாததுதான் ஆளைத் தூக்கும்.

— உன் வாயில ஒரு நல்ல வார்த்தை வராதா? அதான் காலையிலேருந்து ஃபேன் போட்டு, அளந்து பாத்து, அப்புறம்தானே உன்னை இறக்கினேன்?

— சும்மா சொன்னேன். நீதானே பேசச் சொன்ன... அஞ்சாவது... வலது...

— என்னது? கேக்கலடா! மேல துரு தட்ட ஆரம்பிச்சிட்டாங்க. சுத்தியல் சத்தம் மண்டையைப் பொளக்குது. திரும்பச் சொல்லு!

— அஞ்சாவது விலா! வலது பக்கம்!

— ஒண்ணும் புரியல. இரு, இரு. டேய், ஒரு நிமிஷம்... ம்ம்... அப்பா, என்ன கனம் இந்தக் கதவு. ஆங், சாத்தி கைப்பிடியையும் இறுக்கிட்டேன். இப்பதான் உன் குரல் தெளிவா வருது. சொல்லு.

— வலது பக்கம், அஞ்சாவது விலா, நாலரை.

— வலது, அஞ்சாவது, நாலரை. டேய்.

— என்னக்கா?

— ஒரே ஒரு இடத்துல கொஞ்சம் கூட்டிப் போட்டா யாருக்குடா நஷ்டம்? தகடு போட்டு ஒட்டிடலாம்னு எழுதேன்.

— வந்துடுச்சா? அதானே பாத்தேன், ஏன் வேற ஆளை உக்கார வைக்காம நீயே காவலுக்கு வந்தேன்னு.

— உன்னை வேற ஒருத்தன் கையில விட எனக்கு மனசு வரலடா. அதுவும் காரணம்தான்.

— அந்த 'அதுவும்' போதும் எனக்கு. அக்கா, கேட்டுக்கோ. நாலரையை ஆறுன்னு எழுதுறது முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிற வேலை. நாளைக்கு உன் பள்ளிக்கூடப் பசங்க மேல நிக்கிறப்ப கப்பலோட இந்த மூக்கு விட்டுக்கொடுத்தா? அப்ப யார் மூஞ்சியைப் பாப்ப நீ?

— அப்படிச் சொல்லாத.

— சரி, சொல்லல. வேற ஒண்ணு சொல்றேன். இங்க மூலையில ஒரு பெரிய சிமெண்ட் கட்டி இருக்கு. இது என்னன்னு உன் வரலாற்றுல இருக்கா?

— சிமெண்டா?

— ஆமா. பலகை அடிச்சு அதுக்குள்ள சிமெண்ட் கொட்டியிருக்காங்க. கடல்ல ஓட்டை விழுந்தா அவசரத்துக்கு இப்படித்தான் அடைப்பாங்க. கரைக்கு வந்ததும் வெட்டி எடுத்துட்டு ஒழுங்கா தகடு வைக்கணும். இவங்க அப்படியே மேல பெயிண்ட் அடிச்சு விட்டுட்டாங்க. இதுக்குப் பின்னாடி தகடே இல்லக்கா. சிமெண்டுக்கு அந்தப் பக்கம் நேரா கடல்தான்.

— எந்தப் பக்கம்டா? வலதா?

— வலதுதான். அதுக்குப் பக்கத்துல, மூக்கோட நுனிக்குப் போற வழியை ஒரு மூடி போட்டு போல்ட் வச்சு இறுக்கியிருக்காங்க. போல்ட்டெல்லாம் துருவுல ஒண்ணாயிடுச்சு. என்ன, பேச்சைக் காணோம்? இப்ப நான் உன்னை இழுக்கணுமா?

— அது அன்னைக்கு ஆனதுடா.

— என்னைக்கு?

— நம்ம படகு கவுந்த அன்னைக்கு. பாறைக்குப் பக்கத்துல வரக் கூடாதுன்னு தெரிஞ்சும் வந்தாங்க. நம்மளைத் தூக்க வந்தப்ப வலது பக்கம் பாறையில உரசி மூக்கு உடைஞ்சுதுன்னு பழைய இன்ஜினியர் ஒருத்தர் சொல்லியிருக்கார். அன்னைக்கே உள்ள அடைச்சு மூடினதுதான், அப்புறம் யாரும் திறக்கலையாம்.

— எனக்கு அந்த ராத்திரியில ஒரு கம்பளி வாசனை மட்டும்தான் ஞாபகம் இருக்கு.

— நீ சின்னப் பையன். எனக்கு எல்லாம் இருக்கு. உன்னை ஒரு கையிலயும் படகு விளிம்பை ஒரு கையிலயும் பிடிச்சிருந்தேன். அம்மா எனக்கு எதிர்லதான் இருந்தாங்க. விளக்கு வந்துச்சு, கப்பல் வந்துச்சு, நம்மளைத் தூக்கினாங்க. திரும்பிப் பாத்தா தண்ணிதான் இருந்துச்சு. அம்மாவுக்குன்னு ஒரு பிடி மண்ணு கிடையாதுடா இந்த உலகத்துல. போய் நின்னு அழ ஒரு இடம் கிடையாது. இது ஒண்ணுதான் இருக்கு. இதை எவனாவது கேஸ் நெருப்பு வச்சு அறுத்தா என்னை அறுக்கிற மாதிரி இருக்கும். அதான் கேக்கிறேன்.

— அக்கா...

— வேற எதுவும் வேணாம். அந்த மூடியைத் திற. வரைபடத்துல மூக்கு நுனியில தகடு மத்த இடத்தைவிட ரெண்டு பங்கு தடிப்பு. அது நல்லா இருந்தா அதைப் பிடிச்சுக்கிட்டு புதுத் தகடு ஒட்டலாம்னு நீயே எழுதலாம். பொய்யா எழுதச் சொல்லல. பாத்துட்டு எழுதச் சொல்றேன்.

— திறக்கிறது திட்டத்துல இல்லக்கா. அது தனி அறை. அதுக்குள்ள அளந்து பாக்கல.

— நீ தலையை விட வேணாம். திறந்து, முதல்ல குழாயை உள்ள விடு. நல்லா ஊதி எடு. அப்புறம் கையை மட்டும் விட்டு அள. என்னடா, இது கூடச் செய்ய மாட்டியா எனக்கு?

— நீ பிடிச்ச முயலுக்கு என்னைக்குமே மூணு கால்தான். சரி, ஸ்பேனர் போடுறேன். ம்... ம்ம்... இது நகர்ற மாதிரி தெரியல.

— அடி மேல அடி வையி.

— வச்சுக்கிட்டுத்தானே இருக்கேன்! ஆ... ஒண்ணு வந்துடுச்சு. ரெண்டு. இது உடைஞ்சே போச்சு, நல்லதுதான். இதோ... கழண்டுச்சுக்கா! அப்பாடி, ஒரு மூச்சு இழுத்த மாதிரி சத்தம் கேட்டுச்சு, உனக்குக் கேட்டுதா? உள்ள ஒரு ரூம் அளவு இருக்கு. சிவப்பு. சுவர் பூரா சிவப்பு சிவப்பா உரிஞ்சு தொங்குது.

— அன்னைக்கு இருந்த காத்துடா உள்ள. அம்மா இருந்த அன்னைக்கு.

— காத்து எங்க இருக்கு, அதான் சுவரே குடிச்சிடுச்சே. இரு, குழாயை உள்ள திருப்பி வைக்கிறேன். ஓரத்துலயே உக்காந்துக்கிறேன், குழாய்ல ஒரு கிழிசல் இருக்கு, அது வழியா வர்றது மூஞ்சியிலயே அடிக்குது. சுகமா இருக்கு. மீட்டரும் பச்சைதான்.

— நல்லது. பேசிட்டே இரு.

— நீ பேசேன். நானே பேசினா என்ன நியாயம்?

— நான் என்ன பேசுறது... மேல துரு தட்டுறவங்க நிறுத்திட்டாங்க. சாப்பிடப் போயிருப்பாங்க. ஆவ்...

— என்ன, கொட்டாவியா? தம்பி உள்ள உயிரைக் கையில பிடிச்சிருக்கான், அக்காவுக்குத் தூக்கம் வருது.

— ராத்திரி தூங்கலடா. பெயிண்ட் நாத்தம் வேற, நெத்தி ரெண்டு பக்கமும் தெறிக்குது. நீ வேலையைப் பாரு.

— கொஞ்ச நேரம் ஊதட்டும். அதுக்குள்ள விட்டுப்போனதை அளந்துடுறேன். வலது, ஆறாவது விலா, நாலு.

— வலது, ஆறாவது, ஏழு.

— நாலு, நாலு.

— அதான் சொன்னேன்ல? ஏழு.

— அக்கா, வேணாம்.

— என்ன வேணாம்?

— விளையாடாத. நான் நாலுங்கிறேன், நீ ஏழுங்கிற. நான் உள்ள கிடக்கேன், எழுதுறது நீதானேன்னு பாக்குறியா?

— நான் சரியாத்தான் எழுதுறேன்.

— திரும்பப் படி, இதுவரைக்கும் எழுதினதை.

— மூணாவது விலா... ஆறு. நாலாவது... நாலாவது... ஒன்பது.

— ஒன்பதா? அடிப்பாவி! நான் எப்பக்கா ஒன்பதுன்னேன்? இதுக்குத்தான் அம்மா கதையைச் சொல்லி உருக்கினியா? எனக்கு மட்டும் அம்மா இல்லையா? உன் கப்பலுக்காக என்னைப் பொய்க் கையெழுத்துப் போட வைக்கிற, நாளைக்கு ஒரு குழந்தை செத்தா நான் ஜெயிலுக்குப் போகணும். போறேன். ஆனா குழந்தை திரும்பி வருமா? செத்த யானையை அலங்காரம் பண்ணி நிக்க வச்சிருக்க நீ. யானை செத்துடுச்சுன்னு சொல்ல உன்னைச் சுத்தி ஒருத்தனுக்கும் தைரியம் இல்ல. நான் சொல்றேன். செத்துடுச்சுக்கா!

— ஹிஹி.

— என்ன சிரிப்பு?

— யானைங்கிற. கப்பலைப் போய் யானைங்கிற.

— இதுல சிரிக்க என்ன இருக்கு?

— தும்பிக்கை எங்கடா அதுக்கு? ஹிஹி... அதான் மூக்கு உடைஞ்சு போச்சே.

— சிரி, நல்லா சிரி. ஆனா நாளைக்கு நான் உள்ளதை உள்ளபடிதான் எழுதுவேன். இந்தத் தொட்டி தேறாது. இப்பவே சொல்லிட்டேன், அப்புறம் கட்டிப்பிடிச்சு அழாத.

— சரிடா.

— என்ன சரி?

— சரி, எழுது. உடைச்சா உடைக்கட்டும். இரும்புதானே.

— அக்கா?

— எவ்ளோ நாளைக்குத்தான் இதைப் பிடிச்சுக்கிட்டு... கை வலிக்குதுடா. விட்டுடலாம். நல்லாத்தான் இருக்கு, விட்டா. லேசா இருக்கு.

— நிஜமாத்தான் சொல்றியா? என் மேல கோவத்துல சொல்லலையே?

— கோவமா? உன் மேலயா? நீ தங்கம்டா.

— அட! உன் முயலுக்கு இன்னைக்கு நாலாவது கால் முளைச்சிடுச்சே! அக்கா, உனக்குத் தெரியாது, எத்தன வருஷமா இந்த ஒரு வார்த்தைக்காகக் காத்துக்கிட்டு இருக்கேன்னு. எனக்கு இந்தக் கப்பலைக் கண்டாலே பிடிக்காது. சொன்னா நன்றிகெட்டவன்னு திட்டுவியேன்னு சொல்லல. நீ வீட்டுல இருக்கிறதே இல்ல. உன் பொண்ணு பரீட்சை எழுதி பாஸானது உனக்கு மூணு நாள் கழிச்சுத்தான் தெரியும். அத்தான் தனியா சாப்பிட்டு, தனியா தட்டு கழுவி... கேட்டா, 'உங்கக்கா கல்யாணம் பண்ணது கப்பலைடா'ங்கிறார். இனிமே வீட்டுக்கு வாக்கா. ரெண்டு பேரும் கரையில ஒரு மரம் வைக்கலாம், அம்மா பேர்ல. அழணும்னா அங்க போய் அழலாம். நானும் வரேன். என்ன சொல்ற?

— ம்.

— 'ம்'னா?

— வரேன். அம்மாவும் வரட்டும்.

— அம்மா பேர்ல மரம்னு சொன்னேன்.

— அம்மாகிட்ட சொல்லிட்டியா? எதிர்லதான் இருக்காங்க. பேச மாட்டேங்கிறாங்க. நீ கூப்பிடு.

— அக்கா?

— நனைஞ்சிட்டாங்கடா. ஒரு கம்பளி குடு.

— அக்கா, இங்க கேளு. நான் எந்த விலாவை அளந்தேன், சொல்லு. கடைசியா சொன்ன நம்பர் என்ன?

— நம்பரா...

— இன்னைக்கு என்ன கிழமை?

— தலை வலிக்குதுடா. திட்டாத.

— திட்டலக்கா. நீ சத்தியமா இவ்ளோ சீக்கிரம் ஒத்துக்கிறவ இல்ல. கடவுளே, நீ ஒத்துக்கவே மாட்டியே! அந்த ரூம் கதவு... சாத்திதான் இருக்கா?

— சாத்திட்டேன். உன் குரல் கேக்கணுமே.

— ஐயோ! மூக்கு அறையில இருந்த செத்த காத்தையெல்லாம் நான்தான் ஊதி ஊதி உங்கிட்ட அனுப்பிட்டு இருக்கேன்! எந்திரிக்கா! எந்திரிச்சு கதவைத் திற!

— எந்திரிச்சா... கால் எங்க வச்சேன்னு தெரியல.

— தவழ்ந்து போ! கைப்பிடியைத் தூக்கு!

— கனம்டா அது. அப்புறமா திறக்கிறேன்.

— அப்புறம்னு ஒண்ணு கிடையாது! யாராவது இருக்கீங்களா? மேல யாராவது! கதவைத் திறங்க!

— எல்லாரும் சாப்பிடப் போயிட்டாங்க. ஏன்டா கத்துற?

— சரி, கதவை விடு. காலை அந்த ஓட்டைக்குள்ள தொங்கவிட்டு அப்படியே ஏணியில இறங்கி வா. நல்ல காத்து இங்கதான் இருக்கு, என் கையில இருக்கிற குழாய்ல. நான் குழாயை இழுத்துக்கிட்டு அங்க வரேன், நீ பாதி இறங்கினா போதும். வாக்கா!

— இறங்கவா?

— ஆமா, இறங்கு, இறங்கு!

— ம்ஹூம். அது கூடாது. கிளாஸ்ல சொன்னாங்களே. உள்ள இருக்கிறவன் வா வான்னு கூப்பிட்டா, அது அவன் பேசலையாம். கெட்ட காத்து பேசுதாம்.

— நான்தான் பேசுறேன்க்கா! உன் தம்பிதான் பேசுறேன்! இதோ பாரு, மீட்டரைக் குழாய்கிட்டேருந்து தள்ளி உன் பக்கமா நீட்டுறேன். கேளு! கத்துது பாரு, கேக்குதா? செவப்பு விளக்கு!

— கேக்குதே. உன் மீட்டர் கத்துது.

— உன் பக்கத்துக் காத்துக்குத்தான் கத்துது!

— உன் கழுத்துல இருக்கிற மீட்டர்டா அது. நீ தப்பு தப்பா பேசுற. கத்துற. உனக்குத்தான் காத்து இல்ல. அசையாத, நான் கயிறை இழுக்கிறேன்.

— இழுக்காத! விலாவுக்கு நடுவுல இருக்கிற இந்தச் சின்ன ஓட்டையில குழாயும் நானும் சேர்ந்து வரணும், கயிறு இறுக்குனா மாட்டிக்குவேன். விடு கயிறை! அக்கா, கயிறை விட்டுட்டுக் கீழ வா! உன் கால்ல விழறேன், வா!

— அழாதடா. நான் மேல நல்ல காத்துலதானே இருக்கேன், எனக்கு ஒண்ணும் ஆகாது. உன்னை நான் விட மாட்டேன்.